இடது முனை

— கீழ படுத்துப் பாத்தது போதும், எழுந்திரு பாலகுரு. பிளேடு கோணலா இல்லையா, அத்த சொல்லு.

— கோணல்தான் மங்கம்மாக்கா. உப்பு லோடு ஏத்துற சிமெண்டு தளத்துலதான இறக்கி வச்சிருக்கோம்? வலது முனை தரையில குந்திகினு இருக்குது. இடது முனை நாலு விரக்கடை தூக்கிகினு நிக்குது.

— அதான் உப்புப் பாத்தியில ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். நாளைக்குக் காலைல அனுமந்தை ஊரு பாத்திக்காரங்க வந்து தண்ணி விட்டுப் பாப்பாங்க. மட்டமா நிக்கலன்னா இந்த சீசனுக்குப் புது வண்டி பேசிடுவாங்க. அப்பால இந்த புல்டோசரு காயலாங்கடைக்குத்தான். எனக்கு இத்த விட்டா இன்னா இருக்குது?

— அவசரப்படாதக்கா, ஒண்ணொண்ணா வருவோம். செயின் ரெண்டு பக்கமும் ஒரே டைட்டு. பின்னு தேயல. சிலிண்டர்ல ஒரு சொட்டு ஆயிலு ஒழுகல.

— அப்போ எல்லாம் நல்லாருக்குது, வண்டி மட்டும் நொண்டுது. என்னாட்டம்.

— உன்னை யாருக்கா அப்படிச் சொன்னது?

— நானே சொல்லிக்கிறேன், உனக்கு இன்னா? எங்க வூட்டுக்காரரு இருந்த வரைக்கும் ஒரு பாத்தி கோணலாப் போனதில்ல. போன ஆடியில அவரு போனாரு, தையில இது கோணிக்கிச்சு.

— தேவநாதண்ணன் ஓட்டின பாத்தியாச்சே. தண்ணி விட்டா தட்டுல ஊத்தின மாதிரி நிக்கும்.

— நிக்கும். ஆனா நாளெல்லாம் இழுப்பாரு. போன வழியிலயே திரும்பி வருவாரு. இந்தாண்ட ஒரு நட, அந்தாண்ட ஒரு நட. டீசலு இன்னா உங்கப்பன் வூட்டுதான்னு வரப்புல நின்னு கத்துவேன். காதுலயே வாங்க மாட்டாரு. வாயில பீடி, லிவருல அந்தச் செவப்புத் துண்டு. இப்பவும் டீசல் வாடை அடிச்சா திரும்பிப் பாக்குறேன்யா. பாழாப்போன மனசு.

— இரு, இரு. ஒரே எடத்துல ரெண்டு நடையா?

— ஆமா. ராஜவேலு இப்ப ஒரே நடையில முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிடுறான். சுறுசுறுப்பான டிரைவர்னு நானே அவனைப் புகழ்ந்தேன்.

— அப்போ இது இன்னிக்கு நேத்து கோணினது இல்லக்கா. போவும்போது இடது முனை மேடா விட்டுட்டுப் போவும். எதிர்ல திரும்பி வரும்போது அத்த வலது முனை வழிச்சிடும். கோணல் பிளேடை வச்சிகினே மட்டம் பண்ணியிருக்காரு மனுசன். ராஜவேலு ஒரே நட போறான், அதான் இப்பத் தெரியுது.

— அய்ய, கோணல்னு தெரிஞ்சா சரி பண்ண மாட்டாரா? செருப்பு வாரு அறுந்தாலே அன்னிக்கே தைக்கிற ஆளு.

— என்னைக் கூட இன்ஜினைத் தவிர எதையும் தொட விட்டதில்ல அவரு. அந்த டார்ச்சை இப்படிக் காட்டு. பிளேடைத் தாங்குற கம்பி ரெண்டு இருக்குதுல்ல? வலது பக்கத்துக் கம்பி திருகினா சுத்துது. இடது பக்கம் அசைய மாட்டேங்குது. பெயிண்டைச் சுரண்டறேன்... பாரு. வெல்டு. அளவை மாத்தித் திருகி, எவனும் திருப்பக் கூடாதுன்னு வெல்டு வச்சு அடைச்சிருக்குது.

— எந்தப் பாவி பண்ண வேலை இது?

— கோழி கிண்டின மாதிரி இருக்குது, தொழில்காரன் கை இல்ல. அடடா... யக்கா, சுனாமிக்கு மறு வருஷம் அண்ணன் எங்க ஷெட்டுக்கு வந்து வெல்டிங் செட்டு கேட்டாரு. நான் வந்து பண்ணித் தர்றேன்னேன். வேணாம்பா, இத்த நான்தான் பண்ணணும்னாரு. கண்ணெல்லாம் செவந்து கிடந்துச்சு.

— மறு வருஷம்னா எப்ப?

— நீ பாண்டி ஆஸ்பத்திரில படுத்திருந்தியே, அப்ப.

— நான் இடப்பக்கந்தான் நின்னேன், பாலகுரு. பிளேடுல ஒட்டின சேத்தை வழிச்சிகினு இருந்தேன். நவுந்துட்டேன்னு நெனச்சு இறக்கிட்டாரு. கால்ல ரெண்டு விரலு போச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, சுவத்தைப் பாத்துகினு நின்னாரு, போயிட்டாரு. தெரியாம பண்ணிட்டேன்டின்னு ஒரு வார்த்தை சொல்லல. இருவது வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துகினு இருந்தேன். கடைசி அன்னிக்குக் கூட கேட்டேன். கஞ்சி குடுன்னாரு. செத்தவரு மேல கோவம் வச்சிகினு ஆறு மாசமா அழக்கூட இல்ல நானு.

— விடுக்கா. வெல்டை வெட்டிட்டா ஒரு மணி நேரத்துல பிளேடு நேராயிடும். வெட்டுற கேஸைத் தொறக்கட்டா?

— இரு. செருப்பைக் கழட்டிக்கிறேன்.

— எதுக்கு? யக்கா! இன்னா பண்றே! பிளேடுக்குக் கீழ காலை விடாத, எடு!

— கத்தாத. கேஸை மூடு. ராஜவேலைக் கூப்பிடு, ரெண்டு நடையாப் போவட்டும், பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும். இப்படி வந்து பாருய்யா. பிளேடு முழுசா இறங்கித்தான் கிடக்குது, எங்காலு உள்ள போவுது. மூணு விரலும் போவுது. இல்லாத ரெண்டுக்கும் எடம் விட்டு வச்சிருக்காரு.