வாசல்ல நின்னு கூப்பிடணும்

மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு நெனச்சியா? போகமாட்டேன். நாலரைக்குத்தான் உள்ள விட்டாங்க, ஏழு மணி வரைக்கும் டைம் இருக்கு. ஒன் புருசன் என்னப் பாத்ததும் பிளாஸ்க்கத் தூக்கிக்கிட்டு கேண்டீனுக்குப் போயிட்டாரு. போகட்டும், சுடுதண்ணி பிடிக்க இவ்வளவு நேரமா ஆவும்? எனக்கு ஒங்கிட்டதான் பேசணும். நீ பேச வேணாம். ஆறு வருசமா அண்ணங்கிட்ட பேசல, இன்னிக்கு என்ன புதுசா. காது இருக்குல்ல, அது போதும்.

காலு வலிக்குதா? சரி, சொல்லாத. நர்சு மிஸ்ஸிகிட்ட கேட்டுட்டேன். கணுக்காலுக்கு மேல ரெண்டு எலும்பும் ஒடஞ்சிருக்கு, பிளேட்டு வச்சு ஸ்குரூ போட்டுருக்காங்க, ஆறு வாரத்துக்குக் கால ஊனக்கூடாது. நித்தியா கல்யாணத்துக்கு மூணே வாரந்தான் இருக்கு. தெரியும் புனிதா. பொண்ணப் பெத்தவ மணவறையில வீல்சேர்ல ஒக்காந்திருக்கப் போறா, அதுவும் தெரியும். அதுக்காக சிவானந்தந்தான் தங்கச்சி கால ஒடச்சான்னு புக்கிட் செந்தோசா பூரா சொல்லிக்கிட்டுத் திரிவீங்களா?

நேத்து ஒன் கொழுந்தன் போன் பண்ணான். சசிகுமாரு. ரவாங்குல ஒரு லாயர் ஆபிசுல ஃபைல் தூக்குறான், பேச்சப் பாத்தா அவந்தான் லாயரு. இத்தன வருசமா எந்தக் கல்யாணத்துல பாத்தாலும் மச்சான் மச்சான்னு தோள்ல கையப் போடுவான். நேத்து என்ன சொல்றான் தெரியுமா? ஹலோ, மிஸ்டர் சிவானந்தமா? மிஸ்டராம்! வீட்டுக்கு வந்தவங்களுக்கு நாயால அடிபட்டா வீட்டுக்காரருதான் பொறுப்பு, நாயக் கட்டிப் போடாதது ஒங்க கவனக்கொறைவு, நோட்டீஸ் வரும், ரெடியா இருங்க மிஸ்டர் சிவானந்தம். நான் போனத் தூக்கி சோபாவுல எறிஞ்சேன். ஒன் அண்ணி கங்கா ஓடியாந்து போன எடுத்துப் பாக்குறா.

வீட்டுக்காரன் பொறுப்பாம். நான் என்ன பொறுப்பில்லாமயா இருந்தேன்? நாய்க்கு வருசா வருசம் லைசென்ஸ் எடுக்குறேன். கழுத்துல தகடு தொங்குது. கேட்டுல இம்மாம்பெரிய போர்டு, அவாஸ் அஞ்சிங், நாய் ஜாக்கிரத. படம் வேற போட்டுருக்கு. எங்க தாமான்ல குடியிருக்குற சின்னப் புள்ளைங்கூட அதப் பாத்துட்டுத் தள்ளி நிக்குது. நீ அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் மலாய்ல நூத்துக்கு எண்பது எடுத்தவ, ஒனக்குப் படிக்கத் தெரியாதா?

சரி, அது கடிச்சுச்சா? பல்லு பட்டுச்சா? ஒரு கீறல் உண்டா ஒடம்புல? டாக்டரே எழுதியிருக்காரு, கடி ஒண்ணுமில்லன்னு. ஒனக்கு அந்த நாயத் தெரியாது, நாலு வருசத்துக்கு முந்தி எம்மவன் குகன் குட்டியாத் தூக்கிட்டு வந்தான். பேரு மண்டோர். நாந்தான் வச்சேன். காலையில ஆறு மணிக்குக் கம்பவுண்ட சுத்திச் சுத்தி வந்து, பூச்சட்டியெல்லாம் மோந்து பாத்து, ஆளெல்லாம் வந்தாச்சான்னு கணக்கெடுக்கும். எஸ்டேட்டுல காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல நம்ம அப்பாவ மெரட்டுவானே அந்தக் கங்காணி மண்டோரு, அதே நட. ஆனா இது யாரையும் மெரட்டாது. பூனையக் கண்டா காருக்கு அடியில போயிரும்.

அது ஏன் ஒம்மேல தாவுச்சு தெரியுமா? நான் தெனமும் மதார் சாகிபு கடையில ரொட்டி சானாய் வாங்கிட்டு வருவேன். செவப்புப் பிளாஸ்டிக் பை. கேட்டத் தொறந்ததும் ரெண்டு கால என் நெஞ்சுல வச்சு நிக்கும், நான் ஒரு துண்டு பிச்சுப் போடுவேன். நீ பழத்த எதுல போட்டுக் கொண்டாந்த? செவப்புப் பை. அதுக்கு ரொட்டி வந்துருச்சுன்னு சந்தோசம். ஒந்தோள்ல கால வச்சுச்சு. நீ பயந்து பின்னாலயே போயி, கேட்டுக்கு வெளிய இருக்குற சாக்கடையில, அந்த லோங்காங்குல கால விட்டு விழுந்துட்ட. லோங்காங்கு நான் வெட்டுனதா? அதையும் மிஸ்டர் சிவானந்தம் தலையிலதான் கட்டுவானா ஒன் கொழுந்தன்?

இப்ப ஒன் புருசன் என்ன சொல்றாராம்? ரவீந்திரன் சார் சொல்லி அனுப்புறாரு, நாய ஊசி போட்டுக் கொன்னாத்தான் போலிஸ் ரிப்போர்ட்ட வாபஸ் வாங்குவாராம். வெள்ளிக்கெழம நகராட்சி ஆளு வர்றான் வீட்டுக்கு, நாயப் பாக்க. கூட்டிக்கிட்டுப் போனான்னா அது திரும்பி வராது, தெரியுமா? அந்த வாயில்லாத ஜீவன் என்ன பண்ணுச்சு? அன்னியிலேருந்து காருக்கு அடியிலதான் கெடக்கு. ரொட்டி போட்டாக்கூட வரமாட்டேங்குது.

தப்பு ஒம்மேலதான் புனிதா. மூஞ்சிய இன்னும் திருப்பாத. ஒரு வீட்டுக்குப் போனா என்ன பண்ணணும்? வாசல்ல நின்னு கூப்பிடணும். கூப்பிட்டா வீட்டுக்காரன் வருவான், நாயப் புடிப்பான், வாங்கன்னு சொல்லுவான். தபால்காரன் ஹாரன் அடிக்கிறான். கேஸ் லோரிக்காரன் ஆண்ட்டீன்னு கத்துறான். எதுத்த வீட்டு கரீமாவுக்குக் கருவேப்பில வேணும்னாக்கூட கேட்டுல நின்னு கங்காக்கான்னு ரெண்டு சத்தம் குடுக்காம ஒரு எட்டு வைக்கமாட்டா. நீ கூடப்பொறந்தவ, ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா? பெல்லு வேல செய்யல, ஒத்துக்குறேன். வாயி வேல செய்யலியா?

ஏன் கூப்பிடலன்னு எனக்குத் தெரியாதா? வீம்பு. குகன் கல்யாணத்துக்கு அடிச்ச அழைப்புக் காடுல ஒம்பேரும் ஒம்புருசன் பேரும் விட்டுப்போச்சு. அதுக்கு மண்டபத்துல, ஐந்நூறு பேரு சாப்பிடுற எடத்துல வச்சு என்ன சொன்ன? இனிமே ஒன் வாசல்ல நின்னு அண்ணேன்னு கூப்பிட்டா என்ன செருப்பால அடி. சம்பந்தி வீட்டுக்காரங்க கையில சோத்த வச்சுக்கிட்டு என்னப் பாக்குறாங்க. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? காடு அடிச்சவன் பண்ண தப்புன்னு எத்தன தடவ ஆளு விட்டுச் சொன்னேன்? நீ கேட்டியா?

என்ன, இப்பத் திரும்பிப் பாக்குற? சரி. சரிலா. அடிச்சவன் தப்பில்ல. அவன் மாதிரிக் காடு கொண்டாந்து காட்டுனான், நாந்தான் பாத்து சரின்னு சொன்னேன். ஒம்புருசன் நிச்சயதார்த்தத்துக்கு வரலன்னு எனக்குக் கடுப்பு. பேரு இல்லன்னா இருக்கட்டும், அப்பவாவது ஒறைக்கட்டும்னு விட்டேன். போதுமா? அதுக்கு ஆறு வருசமா? என் வீட்டு அக்கம்பக்கத்துல சாவு விழுந்தாக்கூட அந்தப் பக்கம் நின்னு அழுதுட்டு அப்பிடியே பஸ் ஏறிப் போயிருவ. பேத்தி பொறந்ததுக்கு வந்தியா? கங்காவுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணப்ப வந்தியா?

இல்ல மிஸ்ஸி, சண்டையெல்லாம் இல்ல. தங்கச்சிதான். சரி, மெதுவாப் பேசுறேன்.

பாத்தியா, ஒன்னால எனக்கு இங்கயும் திட்டு. நான் எதுக்கு வந்தேன்னு சொல்லிட்டுப் போயிர்றேன். நாளைக்குப் போலிஸ்காரரு ஒங்கிட்ட கேக்க வருவாரு. எங்கிட்ட கேட்டாச்சு. நான் பின்னால குளிச்சுக்கிட்டு இருந்தேன், கங்கா பாசாருக்குப் போயிருந்தா, யாரு வந்தாங்கன்னே எனக்குத் தெரியாது, அலறுன சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். நான் கூப்பிடாமலே கேட்டத் தொறந்துக்கிட்டு உள்ள போனேன். அவ்வளவுதான். நோட்டீசும் வராது, நாயையும் விட்டுருவாங்க. சொல்லுவியா? கூப்பிடாமத்தானே வந்த? தலையவாவது ஆட்டு. கூப்பிடாமத்தானே புனிதா வந்த?

ஏன் அப்பிடிப் பாக்குற? அப்பிடிப் பாக்காத. அம்மா பாக்குற மாதிரி இருக்கு.

காலையில நித்தியா எனக்குப் போன் பண்ணா. ஆமா, எனக்குத்தான். மாமான்னு கூப்பிட்டா. புள்ள அழுவுது. மாமா, அம்மா யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேங்குறாங்க மாமா, அப்பா எத்தனயோ தடவ கேட்டுட்டாரு, கூப்பிட்டியா இல்லியா, மாமா வீட்டுல இருந்தாரா இல்லியா, எதுக்கும் வாயத் தொறக்காம செவுத்தயே பாக்குறாங்கன்னு. ஏன் சொல்லல நீ? ஒனக்குத்தான் வாயி நீளமாச்சே! அன்னிக்கு மண்டபத்துல மானத்த வாங்குனவ, இன்னிக்கு எதுக்கு வாயப் பூட்டிக்கிட்டுக் கெடக்குற? யாரக் காப்பாத்துற? ஒன்ன யாரு என்னக் காப்பாத்தச் சொன்னா?

இந்தா, இத வச்சுக்க. இல்ல, வேணாம், நானே வச்சுக்குறேன். நித்தியா கல்யாணக் காடு. லோங்காங்குலேருந்து எடுத்தேன், வெத்தல பாக்கெல்லாம் தண்ணியில போயிருச்சு, இது மட்டும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கழுவி ஃபிரிட்ஜு மேல காயவச்சேன். மஞ்சத் தடவுன நாலு மூல இருக்கு, எழுத்துதான் ஊறிப்போச்சு. ஆனா படிக்க முடியுது. தாய்மாமன், திரு. சிவானந்தம், திருமதி கங்கா. சம்பந்தி பேருக்கும் மேல போட்டுருக்க. மொதப் பேரு. அடிக்கறதுக்கு முந்தி யாரு பாத்தா? நீதானே பாத்திருப்ப? எம்பேரு இருக்கான்னு நீ பாத்திருப்ப. எனக்கு அதப் படிச்சதும் வந்த ஆத்திரத்துல ஃபிரிட்ஜ ஒரு ஒதை ஒதைச்சேன். கங்கா, பைத்தியமா புடிச்சிருக்குன்னா.

அந்தா, ஒம்புருசன் வர்றாரு பிளாஸ்க்கோட. வாசல்ல மிஸ்ஸிகிட்ட என்னமோ கேக்குறாரு. அவரு வர்றதுக்குள்ள சொல்லிர்றேன். இந்தப் பக்கம் திரும்பு.

நான் குளிக்கல.

முன்ஹால்லதான் இருந்தேன். ஒன் வாடகக் காரு வந்து நின்னதப் பாத்தேன். நீ எறங்குன, அரக்குக் கலர் சேல, தலையில பூவு, தட்ட மதிலு மேல வச்சுட்டு முந்தானையால மூஞ்சியத் தொடச்ச. கார அனுப்பிட்ட. அனுப்பிட்டு வீட்டப் பாத்துக்கிட்டு நின்ன. நான் திரைக்குப் பின்னால. மண்டோரு அவுத்துவிட்டுக் கெடக்கு, எனக்குத் தெரியும். சங்கிலி கதவோரத்துல ஆணியிலதான் மாட்டியிருக்கு, கைய நீட்டுனா எட்டும். நாலு எட்டு வச்சாக் கட்டியிருக்கலாம். பாப்போம்னு நின்னேன். செருப்பால அடின்னு சொன்னவ இப்ப எப்பிடிக் கூப்பிடுறான்னு பாப்போம். டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு. சத்தத்தக் கொறச்சேன். ஏன் கொறச்சேன்? நீ கூப்பிட்டு அது எங்காதுல விழாமப் போயிரக்கூடாதுல்ல, அதுக்கு.

கரீமாவுக்குத் தெரியும். ஒன்னத் தூக்கும்போது அவதான் என் தலையப் பாத்தா. துண்டு தோள்ல இருக்கு, தலையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

நாளைக்கு அந்தப் போலிஸ்காரரு கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லு. நானும் போயி மாத்தி எழுதிக் குடுக்குறேன். சசிகுமாரு நோட்டீச அனுப்பட்டும், வாங்கிக்குறேன், என்ன வேணா எழுதட்டும். வாங்க மாப்ள, இப்பிடி ஒக்காருங்க. மொறைக்கறத அப்புறம் மொறைங்க, நீங்களும் கேக்க வேண்டியதுதான். ஒங்க பொண்டாட்டி கூப்பிடாம உள்ள வரல. கேட்டுல நின்னு அண்ணேன்னா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ஆறு வருசத்துக்கு ஒரு தடவதானா கூப்பிடுவா, இன்னொரு தடவ கூப்பிடட்டும், அப்பப் போலாம்னு நான் நின்னுக்கிட்டே இருந்தேன் மாப்ள.