கூரையில் விளைந்த உப்பு

சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வருது... நாலு பேர் கண்ணு பந்திப் பக்கமே இருக்கு, நானும் பாத்துட்டேன். வீடு கட்ட ஆணை வாங்கினவங்க மட்டுமாவது உக்காருங்க. ஒரே ஒரு கதை, சின்னது. சொல்லிட்டு விட்டுடறேன்.

வேதாரண்யம் பக்கம் வைரக்கண்ணுன்னு ஒருத்தர். உப்பளத்துல வேலை. சம்சாரம் தவமணிக்கும் அங்கேயேதான் வேலை. ஒரு புயல்ல இவங்க ஓட்டு வீடு போச்சு... போச்சுன்னா, ஒரு ஓடு மிச்சமில்ல. இன்னைக்கு உங்களுக்குக் கொடுத்த மாதிரியே அவங்களுக்கும் அரசாங்கம் வீடு கட்டப் பணம் கொடுத்துச்சு. கூடவே இன்னொண்ணும் சொல்லுச்சு. காத்து மழைக்குத் தாங்கற மாதிரி கட்டினா, மேற்கொண்டு ஊக்கத்தொகை உண்டு.

சும்மா கொடுப்பாங்களா? தரையை மூணடி உசத்தணும். மழைத்தண்ணிக்குத் தொட்டி வைக்கணும். கான்கிரீட் போட்ட கூரை மேல பாத்தி கட்டி, கான்கிரீட் இறுக பதினஞ்சு நாள் நல்ல தண்ணி நிறுத்தணும். இதையெல்லாம் ஒரு இன்ஜினியரம்மா வந்து பாத்து கையெழுத்துப் போடணும். அந்தத் தொகை வந்தாத்தான் கதவு, ஜன்னல். தவமணி அதைத்தான் நம்பியிருந்தாங்க.

அந்த ஊர்ல நல்ல தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா. நம்மாளுக்கு மனசு வரல. "குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய்க் கூரைக்கா ஊத்துறது?" ஆடி பொறக்கறதுக்குள்ள குடிபோகணும்னு அவசரம் வேற. தவமணி தங்கச்சியோட பிரசவத்துக்கு மூணு நாள் ஊருக்குப் போனாங்க... அவ்வளவுதான். கொல்லைப்புறத்து போர்ல இருந்து பைப்பைப் போட்டார், பாத்தியை ரொப்பினார்.

மேஸ்திரி சூசை ஒரு சொட்டு வாயில வச்சுப் பாத்துட்டு, "என்ன வைரம், இப்படிக் கரிக்குது?"ன்னார்.

"அட, இன்ஜினியரம்மா நாக்குல வச்சா பாக்கப் போறாங்க? தண்ணி நிக்குதான்னு பாப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிடுவாங்க."

ஆனி மாச வெயில்... சும்மா இருக்குமா? மூணாம் நாள் காலையில தவமணி ஊர்லேர்ந்து வந்து மேல ஏறினா, பாத்தி வத்திக் கிடக்கு. ஓரமெல்லாம் வெள்ளை வெளேர்னு... உப்பு. வாழ்நாள் பூரா முதலாளி பாத்தியில உப்பு வாரின மனுசன், தன் வீட்டுக் கூரையிலயே உப்பு விளைய வச்சுட்டார்.

சிரிக்கறீங்க... அவர் சிரிக்கல. பத்து மணிக்கு இன்ஜினியரம்மா வர்றாங்க. விளக்குமாத்தை எடுத்தார், மளமளன்னு கூட்டினார், ஒரு வாளி நெறைய அள்ளினார். "உப்பு போச்சு தவமணி, ஒண்ணும் தெரியாது இப்ப."

தவமணி சத்தம் போடல. அந்த வாளியைப் பாத்தாங்க. "மேல இருந்ததை வாரிட்டீங்க. உள்ள கம்பிக்கிட்ட இறங்கினதை எதால வாருவீங்க? அளத்துல ஒரு இரும்பு மம்பட்டி துருப்பிடிக்காம எத்தனை மாசம் வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

மனுசன் விளக்குமாத்தைக் கீழ போட்டார். தெரியாதா? அவரை விட வேற யாருக்குத் தெரியும்?

இன்ஜினியரம்மா வந்தாங்க. வைரக்கண்ணு வாளியைக் கொண்டுபோய் அவங்க முன்னாடி வச்சார். "நான்தான் மேடம் கெடுத்தேன். கையெழுத்துப் போடாதீங்க."

அந்தம்மா கூரையைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. "மூணு நாள்தானே, பிழைச்சீங்க. நல்ல தண்ணி விட்டு நல்லாக் கழுவுங்க. இன்னையிலேர்ந்து புதுசா பதினஞ்சு நாள். அப்புறம் நான் மறுபடி வர்றேன்."

அன்னைக்குச் சாயந்தரம் தெருவே ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து ஊத்துச்சு. அவசரப்பட்ட ஆனி போச்சு, ஆடியும் போச்சு. ஆவணியில குடிபோனாங்க. ஊக்கத்தொகை வந்துச்சு, தேக்குல இல்லாட்டியும் வேம்புல நல்ல கதவு போட்டாங்க. கார்த்திகையில காத்து வந்தப்ப, அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கினாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்? நாளைக்கு உங்க வீட்டுக்கும் ஒரு அதிகாரி வருவார். அவரை ஏமாத்தறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க... உங்களால முடியும், எனக்குத் தெரியும். ஆனா அவர் பாத்துட்டு, படம் புடிச்சுட்டு, சாயந்தரம் அவர் வீட்டுக்குப் போயிடுவார். அந்தக் கூரைக்குக் கீழ புள்ளைகளைப் படுக்க வைக்கப் போறது யாரு?

நீங்கதானே?