நேர்ல போய்ப் பாத்து வாங்கின குடை

எங்க வீட்டுக்காரர் இல்லைங்கண்ணே, என்கிட்டயே கேளுங்க. கடையை இப்ப நான்தான் பாத்துக்கறேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. குடைக் கட்டு மேல மட்டும் கால் படாமப் பாத்துக்கங்க, வெளியூருக்குப் போற சரக்கு.

நீங்க என்ன வாங்கப் போறீங்க? ஸ்கூல் பையா? சரி, பையோ குடையோ, கடல் தாண்டி இருக்கறவங்ககிட்ட வாங்குறோம். கைக்கு வர்ற வரைக்கும் அது வெறும் போட்டோதான்.

ஆள் புடிச்சாச்சா? போனைக் குடுங்க பாப்போம். ம்... படமெல்லாம் அழகாத்தான் இருக்கு. அதுதாண்ணே பயமே. எங்களுக்கும் மொதல்ல ஒருத்தன் இப்படித்தான் சிக்கினான். இல்ல, நாங்கதான் அவன்கிட்ட சிக்கினோம். அவன் அனுப்பின சாம்பிளைப் பாத்துட்டு, எங்க வீட்டுக்காரர் அதை விரிச்சுப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடந்தாரு. அவ்வளவு சந்தோஷம். அப்புறம் லோடு வந்துச்சு. மொத மழைக் காத்துக்கே மேல்பக்கமா திரும்பிக்கிச்சு. திரும்பினது திரும்பினதுதான், திருப்பி மடக்க முடியல. வாங்கிட்டுப் போனவங்க நனைஞ்ச தலையோட வந்து வாசல்ல வீசிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, அவனுக்கு ஃபேக்டரியே கிடையாது. வேற யாரோ ஃபேக்டரியைப் படம் புடிச்சு வெச்சிருந்திருக்கான்.

அதனால நீங்க மொதல்ல வீடியோ கால்ல வரச் சொல்லுங்க. வாசல் போர்டுல ஆரம்பிச்சு உள்ள நடக்கச் சொல்லுங்க. நடுவுல சட்டுனு, அந்தக் கதவைத் திறந்து காட்டுங்கன்னு கேளுங்க. சொந்த இடம்னா திறந்துடுவான். இல்லாதவன் சிக்னல் சரியில்லைம்பான். பணத்தை மொத்தமா முன்னாடியே அனுப்பிடாதீங்க. அனுப்புறதும் கம்பெனி பேர்லதான் போகணும். என் மச்சான் கணக்குல போடுங்கன்னு சொன்னான்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. சாம்பிள்ல ஒண்ணு அவன்கிட்ட இருக்கட்டும், அதே மாதிரி ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். நாளைக்கு இது அது இல்லைன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க.

நேர்ல போறதா... அது எதுக்குண்ணே அலைச்சல்? செக் பண்ணிக் குடுக்கறதுக்குன்னே அங்க ஆளுங்க இருக்காங்க. பெட்டியைப் பிரிச்சுப் பாத்து போட்டோவோட அனுப்பிடுவாங்க.

ஆமா, எங்க வீட்டுக்காரர் நேர்லதான் போனாரு. யாரு சொன்னா உங்களுக்கு? லாரி ஆபீஸ்காரரா? அவரு அரைகுறையாத்தான் சொல்லுவாரு.

எங்க வீட்டுக்காரர் ஒரு பல்பு வாங்கினாக்கூட, கடைக்காரனை ரெண்டு எடத்துல மாட்டி எரிய விடச் சொல்லுவாரு. நான் யாரோ மாதிரி தள்ளி நின்னுக்குவேன். அப்படிப்பட்ட மனுஷன் ஏமாந்துட்டாருன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க? சாப்பாடே எறங்கல. இந்தத் தடவை ஒரிஜினல் ஃபேக்டரியைத் தேடிக் கண்டுபுடிச்சு, நான் சொன்னேனே அத்தனையும் பண்ணி, அதுக்கப்புறமும் மனசு கேக்கல. பெட்டி ஒட்டும்போது நான் பக்கத்துல நிக்கணும்னுட்டாரு. அதுவரைக்கும் ஏரோப்ளேன்ல ஏறினதே இல்ல. என் தம்பி கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனாரு. கை பத்தல, மணிக்கட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

அங்க பேக்கிங் டேபிள் பக்கத்துல நின்னு, ஒவ்வொரு குடையா விரிச்சுப் பாத்திருக்காரு. மொதல்ல அங்க வேலை செய்யற பொம்பளைங்க சிரிச்சிருக்காங்க. அப்புறம் அவங்களே ஒரு ஸ்டூல் போட்டு, குடிக்க சுடுதண்ணி குடுத்து, சந்தேகமா இருக்கற குடையைத் தனியா எடுத்து அவரு முன்னாடி வெச்சாங்களாம். பாஷை தெரியாது. தலையாட்டுறதுலயே எல்லாம் நடந்துச்சாம். சாயங்காலம் ஹோட்டல்ல இருந்து வீடியோ கால் பண்ணி அதையெல்லாம் நடிச்சுக் காட்டுவாரு. அவ்வளவு நாள் கழிச்சு அப்பதான் அவரு சிரிச்சுப் பாத்தேன்.

பேசிக்கிட்டே இடது தோளைத் தேச்சு விட்டுக்கிட்டு இருந்தாரு. என்னங்க தோளுன்னு கேட்டேன். நாள் பூரா குடையை விரிச்சு மடக்கினா வலிக்காம என்ன செய்யும்னாரு. சரிதானேன்னு நானும் தைலம் தடவிக்கச் சொன்னேன். யாரா இருந்தாலும் அப்படித்தான்ணே நினைப்பாங்க.

சரக்கா? சரக்கு அருமையா வந்துச்சு. ஒரு குடைகூடத் திரும்பி வரல. இப்பவும் அங்கதான் வாங்கறேன். அட்ரஸ் எழுதித் தரேன், நம்பி வாங்கலாம். நல்லவங்க.

இல்லைண்ணே, அவரு பாக்கல. லோடு கப்பல்ல வர்றதுக்கு ரொம்ப நாளாகுமில்ல? அவரு அதுக்கு முன்னாடியே வந்துட்டாரு. ப்ளேன்லதான். ஆளுங்க வெளிய வர்ற வாசல் இருக்கில்ல, அங்கதான் நான் போய் நின்னுக்கிட்டு இருந்தேன். அங்க இல்லைம்மா, பின்பக்கம், சரக்கு எடுக்கற எடத்துக்கு வாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. எங்க லோடெல்லாம் எடுத்துக் குடுக்கற ஏஜென்ட்தான் அன்னிக்கும் வந்தாரு. அங்க இருந்தது ஒரே ஒரு நீளப் பெட்டிதான். பேப்பரை நீட்டி, வாங்கிக்கறவங்கன்னு போட்டிருந்த எடத்தை விரலால காட்டினாரு. அந்த எடத்துல எப்பவும் எங்க வீட்டுக்காரர்தாண்ணே கையெழுத்துப் போடுவாரு. அன்னிக்கு நான் போட்டேன்.