டீச்சரின் தாடைத் துண்டு

எங்கள் ஆய்வகத்து டீ வாயில் வைக்கும்படி இருக்காது. ஆனாலும் டீச்சர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நீங்கள் அவரைப் பற்றித்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

என் வேலை செயற்கை எலும்பு செய்வது. எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டைத் தூளாக்கி அழுத்திச் சுட்டால் கல்லாகிவிடும். துளை போட்டால் தெறித்துவிடும். இன்னொரு பாஸ்பேட்டைக் கலந்து பார்த்தேன். சோப்பைச் சீவுவதுபோல் சீவ முடிந்தது. அதற்காகப் பல வருடம் நாயாய் உழைத்தேன். அது கைகூடிய அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஆள் இல்லை.

டீச்சருக்குப் புற்றுநோயால் தாடையில் ஒரு பகுதியை எடுத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு என் துண்டு. அதைப் பொருத்தும் ஆபரேஷனுக்கு முன் அவர் என் மேசையருகே உட்காருவார். கன்னத்தோடு வைத்துப் பார்த்துப் பார்த்து இழைப்பேன். மத்தியானம் முழுக்க ஆகும். வகுப்புப் பிள்ளைகளின் சேட்டையெல்லாம் சொல்வார். நடுவில், "சாப்ட்டீங்களா சார்?" என்பார். என்னை அப்படிக் கேட்க வேறு யாருமில்லை.

முதல் துண்டு அவர் தாடையில் உடைந்தது என் கவனக்குறைவால்தான். உலை முழுச் சூட்டுக்கு ஏறும் முன்பே எடுத்துவிட்டேன். அரைகுறையாய்ச் சுட்டால் இழைக்க இதமாக இருக்கும். உள்ளே வலு இருக்காது. திரும்பி வந்த டீச்சர் கோபப்படவேயில்லை. "என் வாய் ஓயாதுன்னு வீட்ல சொல்வாங்க. உங்க துண்டாலயும் தாங்க முடியல போல" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அறையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த துண்டையும் அரைச் சூட்டில்தான் எடுத்தேன், தெரிந்தே. அதற்கடுத்ததையும். வலிக்கும் என்று தெரியும். வலி ஆறிவிடும் என்று நினைத்தேன். இழைப்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. முகம் கோணிவிடக் கூடாதல்லவா.

ஒவ்வொரு தடவை உடைந்தபோதும் துண்டைப் பிடித்திருந்த திருகாணியோடு அவருடைய சொந்த எலும்பும் கொஞ்சம் பெயர்ந்து வந்திருக்கிறது. பிறகு சீழ் பிடித்தது. போன வாரம் டாக்டர் போன் செய்தார். "இனிமே மாட்டுறதுக்கு எலும்பே இல்ல சார். அவங்களால பேசவும் முடியாது."

மறுநாள் டீச்சரின் கணவர் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரொம்பப் பாடுபட்டீங்கன்னு எழுதிக் காட்டினா சார்" என்றார். அவருக்கும் டீ கொடுத்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. இப்போது முழுச் சூட்டில் ஒரு துண்டு சுட்டு வைத்திருக்கிறேன். சுத்தியலால் அடித்தாலும் உடையாது. அளவு பார்க்க டீச்சரை ஒரு தடவை வரச்சொல்லுங்கள். அவர் பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.