முன்னால் வந்த சைபர்

"ராகவன் சார், மீட்டர்ல நாப்பத்திரண்டு காட்டுது. ஆனா முன்னாடி ஒரு சைபரு குந்திகினு கீது. இன்னா சார், புச்சா?"

"ஒண்ணுமில்ல அன்பு. தண்ணி பட்டிருக்கும். தொடச்சிட்டு எறங்கு."

"சரி சார். சைபரு நமக்கு ஸ்கூல்லயே பழக்கம்தான்."

சிரித்துக்கொண்டே போனை வைத்தான். உங்கள் மகன் என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான், ஜெயராஜ் ஐயா.

கும்மிடிப்பூண்டியில் எங்களுடையது சின்ன கம்பெனி. உருக்காலைகளுக்கு விஷவாயு மீட்டர் செய்து கொடுத்தோம். சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எண்களைத் திரையில் ஒழுங்காகக் காட்ட பிரிண்ட்எஃப் என்று ஒன்று உண்டு. எங்கள் சிப்பில் அதற்கு இடம் போதவில்லை. அதனால் அதே வேலையைச் செய்யும்படி நானே சின்னதாக ஒன்றை எழுதினேன். இரண்டு வார உழைப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று இலக்கத்துக்கு இடம் விட்டால், நான்கு இலக்க எண் வந்தாலும் அசல் பிரிண்ட்எஃப் இடத்தை நீட்டி முழுதாகக் காட்டிவிடும். என்னுடையது கடைசி மூன்றை மட்டும் காட்டியது. மூவாயிரத்து நாற்பத்திரண்டு வந்தால் சைபர், நான்கு, இரண்டு. வெறும் நாற்பத்திரண்டு என்றால் முன்னால் காலியாக இருக்கும், சைபர் வராது. ஐம்பதுக்குள் இருந்தால் ஆலையின் வாயுக்குழிக்குள் இறங்கலாம் என்று அன்புவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

அவன் கூப்பிடுவதற்கு ஒன்பது நாள் முன்பே மேசையில் வைத்துச் சோதித்தபோது இந்தத் தவறைப் பார்த்துவிட்டேன். அடுத்த லாட்டில் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்பு கூப்பிட்டபோது மீட்டர் வாங்க வந்தவர்கள் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் சொந்தமாக எழுதியது என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். சைபர் என்று அவன் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? டீ வந்தது. குடித்தோம்.

அவனைக் குழியிலிருந்து பிணமாகத் தூக்கிய மறுநாள் அந்த மீட்டரைச் சோதிக்க என்னிடமே கொடுத்தார்கள். சிப்பை மாற்றினேன். மீட்டரில் குறையில்லை, ஆள் பார்க்காமல் இறங்கியிருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். நீங்களும் மூன்று வருஷமாக, "எம்புள்ளைக்கு எல்லாத்துலயும் அசால்ட்டு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறீர்கள். அவன் அசால்ட்டு இல்லை. பார்த்தான். சந்தேகப்பட்டுக் கேட்கவும் செய்தான்.

அவன் போனில் கடைசியாக என் நம்பர் இருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுக்காரரு இன்னா பேசினாரு சார்?" என்று உங்கள் மருமகள் ஷைனி கேட்டாள். வீட்டுக்கு வர நேரமாகும், ஷைனியைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றான் என்றேன். அந்தப் பொய்யை அவள் எத்தனை முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதற்காகவே ஞாயிறுதோறும் செவ்வாப்பேட்டையில் உங்கள் வீட்டுக்கு ரயிலேறினேன். அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றும்போது எனக்குச் சோறு இறங்காது. அதை வெட்கம் என்று நினைத்து நீங்கள் சிரிப்பீர்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஐயா. இனி நமக்குள் ஒளிவுமறைவு இல்லை. நெஞ்சு லேசாகிவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தே பேச முடிகிறது. ஒரு வருஷமாகத் தொண்டையில் நிற்கும் ஒன்றை இனி வாய்விட்டுக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்பா, ஷைனியை எனக்குக் கட்டிக் கொடுங்கள்.