பால் பொங்கிய திசை

— அந்தப் பால்சட்டிய வெளிய எடுத்து வையி வினிதா. பெட்டி எடை கூட நிக்கிது.

— வேணும்னா புளிய எடுக்குறேன். சட்டி இருக்கட்டுங்க. எங்கம்மா திண்டுக்கல் கடைவீதியெல்லாம் அலைஞ்சு வாங்கியாந்த புதுச்சட்டி.

— சாம்பியாவுல சட்டி கெடைக்காதா? நத்தம் புளிதான் கெடைக்காது. வெரசா எடு, கார் செத்த நேரத்துல வந்துரும். மதுரை ஏர்போர்ட்டுல போயி பெட்டியப் பிரிச்சுக்கிட்டு நிக்க முடியாது.

— நெலை கொள்ளலங்க எனக்கு. வேலைய விட்டாச்சு, கீர்த்தனாவுக்கு டி.சி. வாங்கியாச்சு. காலையிலருந்து வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டே இருக்கேன். அங்க நீங்க இருக்குற வீட்டப் பத்தி இன்னொருக்கா சொல்லுங்க.

— எத்தன தடவ சொல்றது? வெள்ளக்காரன் கட்டுன பண்ணை வீடு. அப்ப அந்த நாட்டுக்கு வட ரொடீசியான்னு பேரு. ஆர்தர்னு ஒருத்தன் இங்கிலாந்துலருந்து தனியா வந்து, காடு திருத்தி, சோளம் போட்டு, வீடும் கட்டி, அப்பறமாத்தான் பொண்டாட்டி எடித்துங்குறவளக் கூப்பிட்டுக்கிட்டான். உன்னைய மாதிரியே அவளும் ஊரையே கட்டித் தூக்கிட்டு வந்தாளாம். பியானோ, பீங்கான் தட்டு, ரோசாச்செடி.

— வந்து நல்லா இருந்தாளா?

— எங்க? வந்தவ பெட்டியப் பிரிக்கவே இல்லையாம். மழைக்காலம் முடியிற வரைக்கும் வராண்டாவுலயே கெடந்தாளாம்.

— ஏனாம்?

— பண்ணையில பழைய ஆளுக சொல்றதுதான். அடுப்படிக்குள்ள நொழஞ்சு பாத்தாளாம். உப்பு ஜாடி, கரண்டி, கைப்பிடித் துணி எல்லாம் ஒரு பொம்பள கைக்கு வாகா இருந்துச்சாம். கேட்டதுக்கு, சமையக்காரி வச்சதுன்னானாம் ஆர்தர்.

— நம்புனாளா?

— நமக்கெதுக்கு அந்தக் கதை? செத்துப்போன சனம். நீ சட்டிய எடு.

— கோவிச்சுக்காதீக. குடிபோற வீட்டுல வீட்டுக்காரி என் கையால பால் காய்ச்சணும்னு பழனி மலையப் பாத்து வேண்டியிருக்கேன். மூணு வருசமா நீங்க ஒத்தையில, பால் காய்ச்சாத வீட்டுல கெடந்தீக. அதான் மனசு கெடந்து அலையுது.

— பால் காய்ச்சலன்னு யாரு சொன்னா? குடிபோன அன்னைக்கே முறைப்படி காய்ச்சியாச்சு. கெழக்காமதான் பொங்குச்சு. போதுமா? இப்பவாவது வெளிய வையி.

— காய்ச்சியாச்சா?

— ஆமாங்குறேன்ல.

— முறைப்படியா?

— ஏ, என்ன நீ? இந்தா, வெளிய ஹாரன் கேக்குது பாரு. புள்ளையக் கூப்புடு.

— கேக்கட்டும். இந்தாங்க, உங்க சொல்படியே சட்டிய எடுத்துட்டேன். பெட்டியையும் பூட்டிட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வீட்டுல அன்னைக்குப் பால அடுப்புல ஏத்துனவ யாரு?