கீரியாருக்கு ஒரு நிமிட மௌனம்

மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன், ஐயா. இருபது வருடமாகக் கட்டடப் பாதுகாப்பு அதிகாரி. என் பொறுப்பில் ஒரு மனிதருக்கும் கீறல்கூட விழுந்ததில்லை. கீரியார் மனிதர் இல்லை, அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

மைக்குட்டிகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய கார்ட்டூன் படங்களில் அடிபட்டு, நசுங்கி, எழுந்து ஓடிய கூட்டம். படங்கள் ஓய்ந்ததும் ஊருக்குள் வந்து, கதைகளில் வரும் மாயக்குள்ளர்கள் மாதிரி லிஃப்ட் அறையிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் குடியேறிவிட்டார்கள். எங்கள் கீரியாருக்கு வெள்ளைக் கையுறை, கைக்கு நாலே விரல். பதினான்காம் மாடியில் கயிறு இல்லாமல் வெறும் காற்றில் நின்று ஜன்னல் துடைப்பார். கீழே பார்க்காதவரை அவர்கள் விழுவதில்லை. விழுந்தாலும், உடம்பின் மை காய்வதற்குள் யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் போதும், தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

என் மனைவிக்கு அதே கட்டடத்தில், ஒன்பதாம் மாடியில் வேலை. அவள் ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் கீரியார் சோப்பு நுரையில் என் மீசையை வைத்துக்கொண்டு, இல்லாத கைப்பிடியைப் பிடித்தபடி இல்லாத படியில் ஏறிக் காட்டுவார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் நகைச்சுவை சொன்னால், "சரி, சாப்பிடுங்க" என்பாள். ஒருநாள், "உங்களுக்குச் சிரிக்கவே தெரியாதுங்க, பாவம்" என்றாள். அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி கீரியார் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் விதிமுறைகளில் ஒரு வரி சேர்த்தேன். உயரத்தில் வேலை செய்பவர்கள் தொடங்கும் முன் கீழே பார்த்து, இடம் பாதுகாப்பானதா என்று உறுதி செய்ய வேண்டும். நியாயமான வரி. எல்லோரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். கீரியார் மட்டும் பதினான்காம் மாடி ஜன்னலுக்கு வெளியே நின்று இரண்டு தடவை படித்தார்.

"சார், நாங்க பார்க்கக் கூடாதே."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். முடியலைன்னா வேற வேலை பாத்துக்கோங்க."

வெள்ளைக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "விழுந்தா நீங்களாவது சிரிப்பீங்களா சார்?"

முயற்சி செய்கிறேன் என்றேன். என்னை நம்பி, கீழே பார்த்தார். போகும்போது எனக்குக் கையசைத்தார்.

அன்று மட்டும் நான் லிஃப்டில் இறங்கினேன், சீக்கிரம் போயாக வேண்டியிருந்தது. நடைபாதையில் கீரி வடிவத்தில் அச்சு அசலாக ஒரு பள்ளம். காதுகூடத் தனியாகத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். தபால்காரருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. என் மனைவி ஓடி வந்தாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. "யாராவது சிரிங்களேன்" என்று கெஞ்சினாள்.

நான் கையை உயர்த்தினேன். "ஒரு உயிர் போயிருக்கு. எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நில்லுங்க."

நல்ல ஜனங்கள், ஐயா. தலை குனிந்து நின்றார்கள். தபால்காரர் தொப்பியைக் கழற்றினார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பள்ளத்தின் ஓரத்தில் மினுமினுத்த மையைத்தான் பார்த்தேன். அது காய ஐந்து நிமிடம் பிடித்தது.

பிறகு என் அறைக்குப் போனேன். படியில் கைப்பிடியைப் பிடித்ததும் அவர் காற்றில் ஏறிக் காட்டியது ஞாபகம் வந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். எனக்குச் சிரிக்கத் தெரியாது என்றவள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.